பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் ஓர் எண்சுவடி

நாங்கள் 14 பேர் மூன்று ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய ஒரு மென்பொருளை, 2019ஆம் ஆண்டில் ஒரு வெள்ளிக்கிழமை நள்ளிரவுக்குச் சற்று முன்பு நிறுத்தினோம். அமெரிக்காவில் அதைப் பயன்படுத்திவந்த காப்பீட்டு நிறுவனம் வேறொன்றுடன் இணைந்துவிட்டதால், இரண்டு அமைப்புகளில் ஒன்று போதும் என்று அங்கே முடிவாகியிருந்தது. நிறுத்துவதற்கான கட்டளைகளை எழுதியவள் நான்தான். சர்வர்கள் ஒவ்வொன்றாக அணைவதைத் திரையில் பார்த்து, பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘முடிந்தது’ என்று குறித்தவளும் நான்தான். எந்தப் பிசகும் இல்லாமல் நடந்தது என்று மறுநாள் பாராட்டி மின்னஞ்சல்கள் வந்தன. அவற்றைப் படித்தபோது எனக்குக் கோபமோ வருத்தமோ தோன்றியிருந்தால் அதை இயல்பு என்று எடுத்துக்கொண்டிருப்பேன். ஒன்றுமே தோன்றவில்லை. மூன்று ஆண்டுகள் என் உறக்கத்தைத் தின்ற ஒன்று போய்விட்டது, எனக்கு அது உறைக்கக்கூட இல்லை என்பதுதான் என்னை அச்சுறுத்தியது.

அந்த வேலையை இழித்துப் பேச எனக்கு மனம் வராது. சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் பிறந்து, 22 வயதில் ஒரு பெட்டியுடன் சென்னைக்கு வந்தவள் நான். பழைய மகாபலிபுரம் சாலையில் இருந்த அந்த அலுவலகத்தின் சம்பளம்தான் தம்பியைப் படிக்க வைத்தது, அப்பாவின் இருதய அறுவை சிகிச்சைக்கு உதவியது, இன்று நான் உட்கார்ந்து எழுதும் வீட்டின் கடனை அடைத்தது. ஆனால் அது கேட்ட விலை ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போனது. மாலை ஆறரைக்கு ஒரு கூட்டம், இரவு ஒன்பதரைக்கு இன்னொன்று, தலையணைக்கு அடியில் எப்போது வேண்டுமானாலும் ஒலிக்கக்கூடிய ஒரு கைபேசி. வாரக் கடைசியில், 40 பேருடைய நேரக் கணக்கையும் கால் மணித் துண்டுகளாகச் சரிபார்த்து, எந்தத் துண்டை எந்த வாடிக்கையாளரின் பற்றில் எழுதுவது என்று முடிவுசெய்வேன். கல்லூரி நாட்களில் நான் சிறுகதை எழுதினேன். இரண்டு கதைகள் சிற்றிதழ்களில் வந்தன. அந்த நோட்டுப் புத்தகத்தில் கடைசியாக எழுதிய பக்கத்தின் மேல் மூலையில் 2009 என்று தேதியிட்டிருக்கிறது. அதற்குப் பிறகு வெற்றுத் தாள்கள்தான்.

ஓலைச்சுவடி என் வாழ்க்கைக்குள் வந்தது தற்செயலாகத்தான். அம்மாவைப் பெற்ற தாத்தாவின் வீட்டைப் பிரித்துக் கட்டியபோது, மச்சில் ஒரு தகரப் பெட்டியில் இரண்டு கட்டு ஏடுகள் கிடைத்தன. ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விட்டுவிடலாம் என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் சொன்னார். எங்கள் ஊரிலிருந்து சிறிது தொலைவில்தான் கரிவலம்வந்தநல்லூர் இருக்கிறது. அங்கே கோயிலில் இருந்த பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டார்கள் என்று கேட்டு உ.வே. சாமிநாதையர் மனம் கலங்கிய செய்தியை நான் பள்ளி நாட்களிலேயே அறிந்திருந்தேன். ஆகவே வேண்டாம் என்று சொல்லி, இரண்டு கட்டுகளையும் புடவையில் சுற்றிச் சென்னைக்கு எடுத்துவந்தேன். எடுத்து வந்தபின் ஓர் ஏட்டைப் பிரித்துப் பார்த்தால், தமிழில் எம்.ஏ. படிக்காவிட்டாலும் தமிழ் வாசித்தே வளர்ந்த எனக்கு ஒரு வரிகூடப் புரியவில்லை. என் மொழியில், என் தாத்தாவின் வீட்டில், அநேகமாக என் முன்னோர் ஒருவரின் கையால் எழுதப்பட்டதை என்னால் படிக்க முடியவில்லை என்பது ஒரு வெட்கம்போல உள்ளே தங்கிவிட்டது.

அதன் பிறகு, வார இறுதியில் நடந்த ஒரு சுவடிப் பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். 2020 மார்ச்சில் பொதுமுடக்கம் வந்ததும் அது இணையவழி வகுப்பாகியது. அலுவலக வேலையும் அதே மேசைக்கு வந்துவிட்டதால், ஒரே திரையில் ஒரு சாளரத்தில் வாடிக்கையாளர் கூட்டமும் இன்னொன்றில் ஏட்டின் நிழற்படமும் திறந்திருந்த நாட்கள் உண்டு.

ஏட்டை வாசிப்பது ஏன் கடினம் என்பதைச் சொல்ல வேண்டும். எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை துளைபட்டுக் கிழியும் என்பதால், எழுதியவர்கள் புள்ளியை விட்டுவிட்டார்கள். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு இல்லை. வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்த மாற்றம் ஏடெழுதியவர்களின் கைக்கு எளிதில் வந்து சேரவில்லை. ரகரமும் துணைக்காலும் ஒரே கோடுதான். சொற்களுக்கு இடையே இடைவெளி கிடையாது. ஆகவே ‘பால’ என்று கண்ணில் படுவது பால், பால, பரல், பரல என எதுவாகவும் இருக்கலாம். வகுப்பு நடத்திய ஐயாவுக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. நான் எழுத்துக் கூட்டித் திணறிய முதல் மாதத்தில் அவர் சொன்னார்: “அம்மா, எழுத்தப் படிக்காதீங்க, சொல்லப் படிங்க. சொல்லு தெரிஞ்சா எழுத்து தானா வந்து நிக்கும்.” அதாவது, அடுத்து என்ன வரக்கூடும் என்பதை மொழியறிவால் ஊகித்துக்கொண்டே செல்ல வேண்டும், ஊகம் தவறினால் நான்கு சொல் தள்ளிப் போய் முட்டி நிற்போம், திரும்பி வர வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஐந்து வரி படித்தால் அன்று நல்ல நாள். அந்த ஐந்து வரியின்போது என் மனம் வேறெங்கும் போகவில்லை என்பதை நான் மெதுவாகத்தான் கவனித்தேன். பத்து ஆண்டுகளாக எனக்குக் கிட்டாத ஒன்று அது.

என் தாத்தாவின் கட்டுகளில் ஒன்று மாட்டு வாகடம், மற்றொன்று யாருடையவோ சாதகக் கணிதம். பெரிய இலக்கியம் எதுவும் இல்லை. தமிழ்நாட்டு வீடுகளில் எஞ்சியிருக்கும் ஏடுகளில் மிகுதியானவை மருத்துவமும் சோதிடமும் அம்மானையும் கணக்கும்தான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். ஏமாற்றம் இருந்தது, மறைக்கவில்லை. ஆனாலும் மாட்டுக்கு வரும் அடைப்பானுக்கு என்ன மருந்து என்பதை நானே முதல்முறையாகப் படித்து முடித்த இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை.

இதை வேலையில் இருந்துகொண்டே செய்திருக்கக் கூடாதா என்று நண்பர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. சாமிநாதையர் 1880இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியரானார். சீவக சிந்தாமணியை 1887இலும், பத்துப்பாட்டை 1889இலும், புறநானூற்றை 1894இலும் பதிப்பித்தபோதெல்லாம் அவர் அங்கே பாடம் நடத்திக்கொண்டுதான் இருந்தார். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளுள் ஒருவரான சி.வை. தாமோதரம்பிள்ளை அரசின் கணக்குத் துறையில் பணியாற்றியவர். வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் இருந்தவர். எடுத்தால் ஓரம் உதிரும், புரட்டினால் துண்டாகும் ஏடுகளோடு பட்ட பாட்டைக் கலித்தொகைப் பதிப்புரையில் அவர் எழுதியிருப்பதை இன்று வாசித்தாலும் கண் கலங்கும். இவர்கள் எவரும் பிழைப்பை உதறிவிட்டு ஏட்டைத் தொடவில்லை. நான் நெடுநாள் இதை நினைத்துப் பார்த்தேன். கல்லூரி மணி அடித்தபின் சாமிநாதையரின் மாலை அவருடையதாக இருந்தது. என் வேலைக்கு அடிக்கும் மணி கிடையாது. அது என் சட்டைப்பையில் வீட்டுக்கு வந்தது, குளியலறை வரை வந்தது. அவர்களுடைய உழைப்பின் முன் நான் ஒரு தூசிகூட இல்லை என்பது வேறு. ஆனால் அவர்களிடம் இருந்த மாலை நேரம் என்னிடம் இல்லை என்பதும் உண்மை.

ஆகவே விலகுவது என்று 2019லேயே மனத்தளவில் முடிவெடுத்து, கையில் பணம் சேர்ந்து 2022இல்தான் விலகினேன். நடுவில் இருந்த மூன்று ஆண்டுகளைப் பற்றி எழுதாமல், ‘மனம் சொன்னது, கிளம்பிவிட்டேன்’ என்று எழுதினால் அது படிப்பவர்களுக்குச் செய்யும் துரோகம். என் கணவர் வங்கியில் பணியாற்றுகிறார். அவருடைய சம்பளம் இல்லாமல் இந்த முடிவு சாத்தியமே இல்லை. மூன்று ஆண்டுகளும் வீட்டுச் செலவு முழுவதையும் அவருடைய சம்பளத்துக்குள் அடக்கிப் பார்த்தோம். என் சம்பளம் முழுவதும் வீட்டுக் கடனுக்கும் மகளின் கல்லூரிச் செலவுக்கும் ஒதுங்கியது. சொந்தக் கார் வாங்கும் ஆசையை விட்டோம். பணிக்கொடை எவ்வளவு வரும் என்று கணக்கிட்டேன்: கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணிசெய்த ஆண்டுகளால் பெருக்க வேண்டியிருந்தது. ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பணியாற்றியவர்களுக்கு அது சட்டப்படி உரியது, ஆனால் பலர் அதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. வருங்கால வைப்பு நிதியைத் தொடுவதில்லை என்று உறுதி செய்துகொண்டேன். எல்லாவற்றையும்விட முக்கியமானது மருத்துவக் காப்பீடு. அலுவலகக் குழுக் காப்பீடு கடைசி வேலைநாளோடு முடிந்துபோகும். தனியாகக் காப்பீடு எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. எனக்குத் தைராய்டு, அம்மாவுக்குச் சர்க்கரை. ஆகவே வேலையில் இருந்தபோதே தனிக் காப்பீடு எடுத்து, அந்தக் காலத்தில் பெரும்பகுதியை ஓட்டிவிட்டேன். இதில் காவியம் ஒன்றும் இல்லை. ஆனால் இன்று காலை ஐந்து மணிக்கு நான் நிம்மதியாக எழுத உட்காருவதற்கு அந்தக் காப்பீட்டுத் தாளும் ஒரு காரணம்.

அம்மாவிடம் சொன்னபோது அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “ஏட்டி, நல்லா யோசிச்சுத்தான் செய்யுதியா?” என்று மட்டும் கேட்டாள். வேலைக்குப் போகும் மகள் என்பது அவளுக்கு ஊரில் ஒரு பெருமை. அதை நான் பறிக்கிறேன் என்பது அந்தக் கேள்வியில் இருந்தது. 90 நாள் அறிவிப்புக் காலம் முடிந்து அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்த வாரத்தில் ஒரு கல்யாண வீட்டில், “உடம்புக்கு ஏதாச்சுமா?” என்று மூன்று பேர் தனித்தனியே விசாரித்தார்கள். 41 வயதுப் பெண் நல்ல சம்பளத்தை விடுவதற்கு நோயைத் தவிர வேறு காரணம் அவர்களுக்குத் தெரியவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். என் பெயருக்குப் பின்னால் இருந்த பதவி போனதும், முன்பின் தெரியாத ஒருவருக்கு என்னை எப்படி அறிமுகப்படுத்திக்கொள்வது என்று எனக்கே சில மாதம் தெரியவில்லை.

இப்போது சென்னையில் ஒரு சிறிய சுவடி நூலகத்தில் வாரத்துக்கு நான்கு நாள் வேலை செய்கிறேன். சம்பளம் முன்பு வாங்கியதில் எட்டில் ஒரு பங்கு. அதுவும் திட்ட நிதி ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டால்தான். வேலையில் பெரும்பகுதி அலுப்பானது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முகத்தை மூடிக்கொண்டு மென்தூரிகையால் தூசி தட்ட வேண்டும். ஓலை நெகிழ்வதற்காக எலுமிச்சைப் புல் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு ஒற்ற வேண்டும். எழுத்து மங்கியிருந்தால் கரி பூசித் துடைக்க வேண்டும். ஏட்டின் இருபுறமும் அளவுகோலோடு சேர்த்துப் படம் எடுக்க வேண்டும். பிறகு அட்டவணையில் நீளம், அகலம், ஏட்டு எண்ணிக்கை, வரி எண்ணிக்கை, சிதைவு நிலை. வேடிக்கை என்னவென்றால், 19 ஆண்டுகள் நேரக் கணக்கு சரிபார்த்த அதே கண்தான் இங்கேயும் வேலை செய்கிறது. நான் வேறு பெண்ணாக மாறிவிடவில்லை.

சென்ற ஆண்டு தென்காசிப் பக்கத்து வீடொன்றிலிருந்து வந்த ஒரு கட்டைப் பற்றிச் சொன்னால் இது விளங்கும். அது ஓர் எண்சுவடி. திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மனப்பாடம் செய்த வாய்ப்பாடுகளின் தொகுப்பு. எங்கள் பக்கத்தில் ஆசிரியரை அண்ணாவி என்பார்கள். அவர் முன்னே சொல்ல, தலைமை மாணவனான சட்டாம்பிள்ளை வாங்கிச் சொல்ல, மற்றப் பிள்ளைகள் கூட்டாகப் பின்பாடுவார்கள். முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு, காணி 80இல் ஒன்று, மா 20இல் ஒன்று, மாகாணி 16இல் ஒன்று என்று பின்னங்களுக்கெல்லாம் பெயரும் குறியும் உண்டு. நெல்லிலக்கத்தில் எட்டு நாழி ஒரு குறுணி, இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம் என்று அளவுகள் ஏறும். ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்குவதற்குக் குழிமாற்று என்று பெயர். முழு எண்ணுக்குப் பெருங்குழி, பின்னத்துக்குச் சிறுகுழி. காலைக் காலால் பெருக்கினால் மாகாணி, அரையை அரையால் பெருக்கினால் கால், முக்காலை முக்காலால் பெருக்கினால் அரையே மாகாணி. எட்டு வயதுப் பிள்ளைகள் இதை மூச்சுவிடாமல் சொல்லியிருக்கிறார்கள்.

பெருங்குழி ஏட்டில் ஓரொன்று ஒன்று முதல் பத்துப்பத்து நூறு வரை வரிசையாக இருந்தது. கடைசியில், எல்லாவற்றையும் கூட்டிய தொகை ௩௱௮௰௫, அதாவது 385 என்று எழுதியிருந்தது. வாய்ப்பாடு முடிந்ததும் தொகையைச் சொல்லிவைப்பது எதற்காக என்பது, மென்பொருளில் சரிபார்ப்புத் தொகை எழுதியே காலம் கழித்த எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. நடுவில் எங்கே பிசகினாலும் தொகை காட்டிக்கொடுக்கும். பழக்கதோஷத்தில் கூட்டிப் பார்த்தேன், 383 வந்தது. மறுபடி கூட்டினேன், 383தான். இரண்டு எங்கே போயிற்று என்று விளக்கை ஏட்டின் மேல் சாய்த்து, எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழும்படி வைத்து, வரி வரியாகப் போனேன். ஏழேழு நாற்பத்தொன்பது என்று இருக்க வேண்டிய இடத்தில் ௪௰௭ என்று இருந்தது. ஏழு, ஏழு என்று இரண்டு முறை ௭ எழுதிய கை, மூன்றாவது முறையும் அந்த வேகத்திலேயே ௭ போட்டுவிட்டிருக்கிறது. ஒன்பதுக்கு உரிய ௯ விழவில்லை.

என் பக்கத்தில் இருந்த ஐயாவிடம் காட்டினேன். திருத்தி எழுதிவிடலாமா என்றேன். “உள்ளத உள்ளபடி எழுதுங்க. திருத்தத்த அடிக்குறிப்புல போடுங்க. அவர் பிழையும் அவருதுதானே,” என்றார். கட்டின் கடைசி ஏட்டில் கொல்லம் 1043, பிரபவ வருஷம், ஆவணி மாதம் என்று இருந்தது. கொல்லம் ஆண்டோடு 824 சேர்த்தால் ஆவணி மாதத்துக்கு 1867 வருகிறது, 1867 பிரபவ வருஷம்தான், ஆக இரண்டும் பொருந்துகின்றன. அதற்குக் கீழே, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளும்படி பெரியோர்களை வேண்டும் ஒரு வரி. அவர் வேண்டிக்கொண்ட பிழையை, 150 ஆண்டுகளுக்கு மேல் கழித்து, அவருடைய தொகையை வைத்தே நான் கண்டுபிடித்திருக்கிறேன். அன்று பிற்பகல் முழுவதும் என்னால் வேறு எந்த ஏட்டையும் எடுக்க முடியவில்லை. அலுவலகத்தில் நூறு பிழைகளைக் கண்டுபிடித்திருப்பேன். ஒன்றில்கூடப் பிழை செய்தவரின் கையை இவ்வளவு பக்கத்தில் உணர்ந்ததில்லை.

எழுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வேலையை விட்டதற்கு அதுவும் பாதிக் காரணம். நேரம் கிடைத்ததும் கதைகள் ஊற்றெடுக்கும் என்று நம்பியிருந்தேன். முதல் நான்கு மாதங்கள் ஒரு பத்தியும் தேறவில்லை. காலையில் காகிதத்தின் முன் உட்கார்ந்தால் பத்தே நிமிடத்தில் கை தானாகக் கைபேசியைத் தேடியது. யாரும் அழைக்காதபோதும் யாரோ அழைத்ததுபோல் தொடை அதிர்ந்தது. வெற்று நேரம் வீட்டு வேலையால் நிரம்பிவிடும் என்பதையும் அப்போதுதான் கண்டேன். ‘நீ வீட்டில்தானே இருக்கிறாய்’ என்ற சொல்லுக்கு எவ்வளவு வலிமை என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். கடைசியில் என் கணவரும் மகளும் உட்கார்ந்து ஓர் ஒழுங்கு செய்தார்கள்: ஐந்திலிருந்து ஏழரை வரை என் அறைக் கதவு சாத்தியிருக்கும், பால்காரருக்கும் காய்காரருக்கும் அவர்களே பதில் சொல்வார்கள், கைபேசி சமையலறை அலமாரியில் கிடக்கும். ஐந்தாவது மாதத்தில் முதல் நல்ல வாக்கியம் வந்தது.

இப்போது எழுதிக்கொண்டிருப்பது ஒரு சட்டாம்பிள்ளையைப் பற்றிய கதை. அண்ணாவிக்கு உடம்பு முடியாத ஒரு நாளில், எண்சுவடியைப் படியெடுக்கும் வேலை பதினோரு வயதுப் பையனிடம் வருகிறது. ஏழேழில் அவன் கை தவறுகிறது. அது அவனுக்குத் தெரிகிறதா, தெரிந்தும் விட்டுவிடுகிறானா என்ற இடத்தில் மூன்று வாரமாக நிற்கிறேன். உண்மையில் அந்த ஏட்டை எழுதியவர் சிறுவனா கிழவரா என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. அட்டவணையில் ‘எழுதியவர் பெயர் இல்லை’ என்றுதான் பதிந்திருக்கிறேன். அட்டவணையில் நான் ஊகிக்க எனக்கு உரிமை கிடையாது, கதையில் உண்டு. ஒரே ஏட்டின் முன் பகலில் ஒரு விதமாகவும் விடியலில் இன்னொரு விதமாகவும் இருக்க முடிகிறது என்பது எனக்குக் கிடைத்திருக்கும் பெரிய கொடை.

அதே தென்காசி வீட்டிலிருந்து சென்ற வாரம் இரண்டாவது கட்டு வந்திருக்கிறது. மேலும் கீழும் மரச்சட்டம், நடுவில் பருத்திக் கயிறு. எண்ணெயும் தூசியும் ஊறி முடிச்சு கல்லாக இறுகியிருக்கிறது. கயிற்றை அறுத்தால் ஐந்து நிமிடத்தில் பிரித்துவிடலாம்; ஆனால் கட்டியவரின் முடிச்சும் பதிவுக்கு உரியது என்பதால் அறுக்கக் கூடாது என்று ஐயா சொல்லிவிட்டார். நேற்று முழுவதும் மழுங்கிய மூங்கில் ஊசியால் நெகிழ்த்தியதில் ஒரு சுற்று மட்டும் தளர்ந்திருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. மேல்சட்டத்தின் இடுக்கு வழியாகப் பார்த்தால், முதல் ஏட்டின் ஓரத்தில் ஒரு பிள்ளையார் சுழி தெரிகிறது.